முதல் எடுத்துக்காட்டு

மனிதர்கள் யாரும் படிக்காத புத்தகங்களைப் படித்து மார்க் போடுவது செண்பகவல்லியின் உத்தியோகம். பாளையங்கோட்டையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது வீட்டுக்காரரிடம் இப்படித்தான் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இப்போதைக்கு வேலை இல்லை என்று நேராகவே சொல்லியிருக்கலாமே அம்மா என்றார். வீடு கிடைக்கவில்லை.

ரொம்பத் தள்ளிப் போக வேண்டாம். இன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குத் தலை நரைக்கும் காலம் என்று வைத்துக்கொள்வோம். தேடுவது என்ற வேலையை மனிதர்கள் அப்போது முழுசாகக் கைகழுவியிருந்தார்கள். ரயிலில் இடம் இருக்கிறதா, ரேஷனில் பாமாயில் வந்துவிட்டதா, எந்த டாக்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், எல்லாவற்றையும் விசாரித்துச் சொல்ல ஆளுக்கொரு இயந்திர முகவர் இருந்தது. உயிர் கிடையாது, ஆனால் வாய் ஓயாது.

அந்த முகவருக்குத் தானாக ஒன்றும் தெரியாது. தேடல் கருவிகளைப் பிடித்துத்தான் அது தேடும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கையேடு உண்டு. என்ன கேட்கலாம், எப்படிக் கேட்க வேண்டும், பதில் எப்படி வரும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். கருவி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் கையேடு சொதப்பினால் முகவர் திருதிருவென்று விழிக்கும். விழித்தால்கூடப் பரவாயில்லை. தப்பாகப் புரிந்துகொண்டு ரொம்பத் தைரியமாகப் பதில் சொல்லிவிடும். அதனால் பொதுமக்களுக்கான எந்தக் கருவியும், அதன் கையேட்டை ரத்தமும் சதையுமான ஒரு மனிதர் படித்து மதிப்பிட்டுக் கையெழுத்துப் போட்ட பிறகே வெளியே வரலாம் என்று சட்டம் வந்தது. நாளைக்கு ஏதாவது ஆனால் பிடித்து உலுக்க ஒரு சட்டைக் காலர் வேண்டுமே. ‘தெளிவகம்’ என்ற திருநெல்வேலிக் கம்பெனியில் அந்தக் காலர் செண்பகவல்லியுடையது.

மார்கழி பாதியில் அவள் மேஜைக்குத் துழாவியின் கையேடு வந்தது. துழாவி மருத்துவத்துக்கான தேடல் கருவி. எந்த ஆஸ்பத்திரியில் எந்த மருந்து எத்தனை குப்பி இருக்கிறது, எங்கே படுக்கை காலி என்று மாநிலம் முழுக்க நொடியில் துழாவிச் சொல்லும். போன வாரம் எவ்வளவு இருந்தது, போன மாதம் எவ்வளவு இருந்தது என்று கேட்டாலும் சொல்லும். தெற்கே சில மாவட்டங்களில் ஒரு வருஷமாக அது சோதனை ஓட்டத்தில் இருந்தது. சோதனை ஓட்டத்துக்கு மதிப்பீடு வேண்டாம் என்பது சட்டத்தில் இருந்த ஓட்டை. பொங்கலுக்கு மறுநாள் சென்னையில் மந்திரி கையால் மாநிலம் முழுவதற்கும் திறப்பு விழா. பந்தலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. செண்பகத்தின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

கையேட்டை எழுதியவன் முகைதீன் பிச்சை, எல்லாருக்கும் மைதீன். துழாவியைச் செய்த கம்பெனி அதே கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. மைதீன் அங்கே எழுத்தாளன். கதை எழுதியிருக்க வேண்டியவன், காலக்கொடுமை, கையேடு எழுதிக்கொண்டிருந்தான். இயந்திரம் படிப்பதற்கு எழுதினாலும் வாக்கியங்களை இழைத்து இழைத்து எழுதுவான். செண்பகத்துக்கு அவன் கையேடு என்றால் காபி குடித்துக்கொண்டே படிக்கலாம்.

கையேடு எழுதுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அவர்கள் பெயர் எங்கேயும் வராது. அதனால் கையேட்டின் முதல் எடுத்துக்காட்டில் தங்கள் ஊரைப் போட்டுக்கொள்வார்கள். முதல் எடுத்துக்காட்டில் அம்பாசமுத்திரம் வந்தால் அதை எழுதியது யார் என்று செண்பகம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். மைதீனுக்குக் கடையநல்லூர். துழாவியிலும் அப்படித்தான் போட்டிருந்தான்: இடம் கடையநல்லூர், மாவட்டம் தென்காசி, தேவை காய்ச்சல் மாத்திரை.

முகவர்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் முதல் எடுத்துக்காட்டை அப்படியே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். புதுப் பேனா வாங்கினால் நாம் ஒரு மூலையில் கிறுக்கிப் பார்ப்போமே, அது மாதிரி. இதை யாரும் அவற்றுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆயிரம் முகவர்களிடம் கையேட்டைக் கொடுத்து, மேல்மாடியில் தயாரித்த வினாத்தாளையும் கொடுத்துத் தேர்வு வைத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மார்க். இனி அவள் பங்கு மட்டும்தான். அதையும் போட்டுவிட்டு ஒரு நல்ல மதியச் சாப்பாடு சாப்பிடலாம் என்று நினைத்திருந்த காலையில் மாடத்தி வந்து சேர்ந்தாள்.

முப்பது வயசு இருக்கும். காற்றாலைக் கம்பெனியின் நீலச் சட்டை, கக்கத்தில் ஊன்றுகோல். பேண்ட்டின் இடது கால் முழங்காலோடு மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“துழாவிப் புஸ்தகத்துக்கு மார்க் போடுதது நீங்கதானாக்கா?”

செண்பகம் ஆமாம் என்றாள். தன் வேலை என்னவென்று சரியாகத் தெரிந்துகொண்டு ஒரு ஆள் தன்னைத் தேடி வருவது அதுவே முதல் தடவை.

மாடத்தி தன் கதையைச் சுருக்கமாகத்தான் சொன்னாள். பல இடத்தில் சொல்லிச் சொல்லி அது தேய்ந்து போயிருந்தது. ஊத்துப்பாறைக் காற்றாலைகளில் எட்டு வருஷமாக ஏறி இறங்கிப் பழுது பார்த்தவள். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் மலையும் ஒரு பக்கம் கடலும் தெரியும் என்று சொல்லும்போது மட்டும் முகம் மாறியது. செப்டம்பர் ஒன்பதாம் தேதி மத்தியானம், வேலை முடிந்து கீழே இறங்கியவளைப் புதருக்குள் கிடந்த விரியன் கடித்தது. கூட வேலை பார்த்தவர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். ஆம்புலன்ஸின் முகவர் துழாவியைக் கேட்டது. பக்கத்தில் எங்கும் மருந்து இல்லை, இருக்கிற இடத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று பதில் வந்தது. ரயில்வே கேட்டில் நின்று, சந்தைக் கூட்டத்தில் ஊர்ந்து, போய்ச் சேர்வதற்குள் கால் கறுத்துவிட்டது. உயிரை மட்டும் காப்பாற்றினார்கள்.

ஊத்துப்பாறை அவள் மாவட்டத்தின் கடைசி ஊர். ஓடையைத் தாண்டினால் அடுத்த மாவட்டம். ஓடைக்கு அந்தப் பக்கம் ஆறு கிலோமீட்டரில் வெள்ளானூர் ஆஸ்பத்திரி. அங்கே குளிர்பெட்டி நிறைய மருந்து இருந்தது. அங்கே வேலை பார்க்கிற அவள் சித்தி மகன் பிறகு வந்து சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

“விசாரணை வச்சாங்க. அன்னைக்கு மருந்து இல்ல, யார் மேலயும் தப்பு இல்லன்னு எழுதி முடிச்சுட்டாங்க. விதின்னுட்டாங்க” என்றாள் மாடத்தி. “பாம்பு கடிச்சது விதி, நான் ஒத்துக்கிடுதேன். கூப்பிடு தூரத்துல மருந்த வச்சுக்கிட்டு இல்லன்னு சொன்னது எப்படிக்கா விதியாகும்?”

செண்பகம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். தன்னால் என்ன செய்ய முடியும் என்று கேட்டாள். தட்டிக்கழிக்கிற கேள்வி மாதிரித்தான் அது அவள் காதுக்கே கேட்டது.

“அந்த மெஷின்தானே இல்லன்னு சொல்லிச்சு. அது வாயாலயே இருந்துச்சுன்னு சொல்லணும். ஊரறியச் சொல்லணும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

தண்ணீரைக் குடித்துவிட்டு, போன் நம்பரைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மாடிப்படியில் ஊன்றுகோல் சத்தம் கீழே இறங்கிப் போகிறவரை செண்பகம் கதவருகே நின்றிருந்தாள். லிப்ட் இருக்கிறது என்று சொல்ல மறந்துபோனதற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கையேட்டைத் திரும்ப எடுத்தாள். மூன்றாம் பக்கத்தில் மைதீன் பளிங்கு மாதிரி எழுதியிருந்தான்: மாவட்டம் கட்டாயமில்லை, அதை விட்டுவிட்டால் துழாவி எல்லைகளைப் பார்க்காமல் தொலைவை மட்டும் வைத்துத் தேடும். இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது. கருவி மேல் தப்பில்லை. கையேட்டின் மேலும் தப்பில்லை. ஒரு கால் மட்டும் போயிருந்தது.

சோதனைக்கு வைத்திருந்த ஆம்புலன்ஸ் முகவர் ஒன்றை எழுப்பி, ஊத்துப்பாறைக் கேள்வியைக் கொடுத்தாள். அது கொஞ்சமும் கூசாமல் அதே ஒன்றரை மணி நேரப் பதிலைச் சொன்னது.

“மாவட்டத்தை ஏன் போட்டாய்?” என்று கேட்டாள்.

“கையேட்டின்படி போட்டேன்.”

“கட்டாயமில்லை என்று மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. படிக்கவில்லையா?”

“படித்தேன். எடுத்துக்காட்டில் மாவட்டம் இருந்தது.”

“விதியைவிட எடுத்துக்காட்டு பெரிதா?”

“விதி என்ன என்று கேட்டால் விதியைச் சொல்வேன். ஒன்றைச் செய்யச் சொன்னால் எடுத்துக்காட்டைப் பார்த்துச் செய்வேன்.”

அதன் மேல் கோபப்படவும் வழியில்லை. செண்பகமே சமையல் குறிப்பைப் படிக்காமல் படத்தைப் பார்த்துச் சமைக்கிறவள். தென்காசி என்று இருந்த இடத்தில் ஒவ்வொரு முகவரும் தன் தன் மாவட்டத்தைப் போட்டுக்கொண்டு, வேலியை இழுத்துச் சாத்திவிட்டு உள்ளேயே தேடிக்கொண்டிருந்தது. தேர்வில் ஏன் இது தெரியவில்லை என்று வினாத்தாளைப் புரட்டினாள். கேள்விகள் எல்லாம் மாவட்டத்தின் நடுவில் இருக்கிற பெரிய ஊர்களைப் பற்றியே இருந்தன. எல்லையோரத்து ஊர் ஒன்றுகூட இல்லை. கேள்வி எடுத்தவர்களும் அதே எடுத்துக்காட்டைப் பார்த்துத்தான் கேள்வி எடுத்திருந்தார்கள்.

அவளே ஒரு வினாத்தாள் எழுதினாள். முழுக்க எல்லையோர ஊர்கள். அதே ஆயிரம் முகவர்கள், அதே கையேடு. முப்பத்தொன்று மார்க் வந்தது. பள்ளிக்கூடமாக இருந்தால் பெயில்.

மைதீனை மாடிப்படியில் பிடித்தாள். கையில் டீயோடு இறங்கி வந்தவன், அவள் சொல்லச் சொல்ல அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். டீ ஆறி ஆடை கட்டியது.

“மாவட்டம் போடணும்னு அவசியமே இல்லக்கா” என்றான் கடைசியில். “கடையநல்லூர்னு மட்டும் போட்டாலே ஓடும். தென்காசி புது மாவட்டம் ஆனப்போ எங்க வாப்பா மிட்டாய் வாங்கிட்டு வந்தாங்க. அந்தப் பேரும் எங்கயாவது இருக்கட்டுமேன்னு போட்டேன். ஆசைக்குப் போட்டேன்.”

அவனைத் தேற்ற அவளுக்குத் தோன்றவில்லை. திட்டவும் தோன்றவில்லை. ஊர்ப் பாசம் இந்த வேலையைச் செய்யும் என்று யார் கண்டார்கள்? வா, தனசிங் சாரைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவன் எழுந்து வரவில்லை.

ஹென்றி தனசிங் தெளிவகத்தின் முதலாளி. கெட்ட மனிதர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கிறிஸ்துமஸுக்குக் கட்டடத்துக் காவல்காரர் வரைக்கும் கேக் கொடுப்பவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். முப்பத்தொன்று என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது, தந்திரமும் இருந்தது. கையேட்டின் விதிகளில் ஒரு வார்த்தை மாறினாலும் எல்லாத் தேர்வும் முதலிலிருந்து. மூன்று மாசம் ஓடிவிடும், விழா போய்விடும், மேல்மாடிக்காரன் அடுத்த கையேட்டை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோவான், இங்கே எழுபது குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். அதைவிடப் பெரிய தலைவலி, சோதனை ஓட்டத்தில் வந்த நாற்பதுக்கு மேற்பட்ட புகார்கள். எல்லாவற்றையும் மருந்து இல்லை, படுக்கை இல்லை என்று எழுதி மூடியாகிவிட்டது. கையேட்டில் கோளாறு என்று ஒரு வரி வெளியே போனால் அத்தனையும் எழுந்து வரும்.

“ஆனா நீங்க சொல்லுதது எனக்கு உறைக்காம இல்ல செண்பகம்” என்றார். “ஒரு வழி இருக்கு. சட்டத்துல எடுத்துக்காட்டு கையேட்டோட பொருள்ல சேராது. அது வெறும் அலங்காரம். கையெழுத்துப் போடுத மதிப்பீட்டாளர் அதை எப்ப வேணும்னாலும் திருத்தலாம். மறுதேர்வு வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். வேற யாரும் அதத் தொடவும் முடியாது. நீங்க நைசா அந்த மாவட்டத்த எடுத்துருங்க. கையெழுத்தப் போடுங்க. இனிமே ஒருத்தருக்கும் கால் போகாது. எல்லாருக்கும் நல்லது.”

எல்லாருக்கும் நல்லதுதான். செண்பகம் அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. ஒரு வரியை அழித்தால் இனிமேல் ஓடைகள் தடுக்காது. இதைவிட லேசான புண்ணியம் கிடைக்காது.

“மாடத்திக்கு என்ன சார் பதில்?” என்று கேட்டாள்.

“அந்தப் பிள்ளைக்காக நான் ஜெபம் பண்ணுதேன்.”

“அவ ஜெபம் கேக்கல சார். மருந்து இருந்துச்சுன்னு சொல்லச் சொல்லுதா.”

தனசிங் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எடுத்துக்காட்டில் என்ன இருந்தாலும் அது அலங்காரம்தான், அதனால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் கம்பெனியின் நிலை, அதில் மாற்றமில்லை என்றார். எழுத்தில் கேட்டால் எழுத்திலும் தருவதாகச் சொன்னார். அவள் கேட்டாள். அவரும் தந்தார்.

தன் அறைக்கு வந்த செண்பகத்துக்கு ஆத்திரமாக வந்தது. நைசாக எடுத்துவிட வேண்டுமாம். காலை எடுத்தது போதாதென்று, அது ஏன் போனது என்பதையும் சத்தமில்லாமல் எடுத்துவிட வேண்டுமாம். பன்னிரண்டு வருஷமாக இயந்திரங்களுக்கு எது தெளிவு, எது தெளிவில்லை என்று மார்க் போட்டவள், மனிதர்கள் விஷயத்தில் மட்டும் மழுப்ப வேண்டுமாம். அவள் கையேட்டின் முதல் எடுத்துக்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் வேண்டுமானாலும் அலங்காரம் என்று சொல்லிக்கொள்ளட்டும். மாநிலத்தின் ஒவ்வொரு முகவரும் துழாவியை எடுத்ததும் முதலில் ஓட்டிப் பார்க்கப் போவது அதைத்தான்.

மாடத்திக்கு போன் போட்டாள். தான் செய்ய நினைப்பதை விளக்கினாள். பெயர் வெளியே வரும், ஊர் வெளியே வரும், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், யோசித்துச் சொல் என்றாள். மாடத்தி யோசித்ததாகத் தெரியவில்லை.

“பேரு மட்டும் போட்டா பத்தாதுக்கா. எந்தக் காலுன்னும் போடுங்க.”

மாலையில் மைதீன் தானாகவே கீழே வந்தான். முகம் வீங்கியிருந்தது. எடுத்துக்காட்டை நான்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்தான். தேதியைப் போட்டால் முகவர்கள் அதையும் காப்பி அடிக்காதா என்று அவளுக்குச் சந்தேகம். அடிக்கும், ஆனால் தங்கள் மாவட்டத்தைப் போட்டுக்கொண்ட மாதிரி இன்றைய தேதியைப் போட்டுக்கொள்ளும், அது நல்லதுதானே என்றான். எழுதி முடித்து, அவளுடைய எல்லையோர வினாத்தாளைத் திரும்பவும் ஓட்டினார்கள். தொண்ணூற்றேழு. கடையநல்லூர் போய்விட்டதில் வருத்தமா என்று செண்பகம் கேட்டாள். எங்கள் ஊருக்கு ஒன்றும் குறையவில்லை என்றான்.

அவள் மார்க்கைப் போட்டாள். கையெழுத்தைப் போட்டாள். எடுத்துக்காட்டு தெளிவு கருதித் திருத்தப்பட்டது என்று சட்டம் கேட்கிற ஒரு வரியையும் எழுதி அனுப்பினாள். தனசிங் கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, சொன்னபடி கேட்டாளே என்று அவளுக்கு ஒரு டப்பா மஸ்கோத் அல்வா கொடுத்தனுப்பினார். யாரும் அந்த எடுத்துக்காட்டைப் படிக்கவில்லை. கையேட்டைத்தான் மனிதர்கள் படிப்பதில்லையே.

விழாவைக் கட்டடமே சாப்பாட்டு அறையில் கூடி நின்று திரையில் பார்த்தது. சென்னையில் பெரிய மண்டபம். மாலை, துண்டு, பாராட்டு எல்லாம் முடிந்து மந்திரி பொத்தானை அழுத்தினார். மேடையில் இருந்த முகவர் துழாவியைக் கையில் எடுத்தது. எல்லாரும் கேட்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் இணைத்திருந்தார்கள். அது தன் வழக்கப்படி பேனாவைக் கிறுக்கிப் பார்த்தது.

“மாடத்தி, ஊத்துப்பாறை. இடது காலில் பாம்புக்கடி. செப்டம்பர் ஒன்பது, மத்தியானம். மருந்து எங்கே இருந்தது?” என்று மண்டபம் முழுக்கக் கேட்டது முகவர்.

துழாவி ஒரு நொடியில் பதில் சொன்னது. “வெள்ளானூர் அரசு மருத்துவமனையில் மருந்து இருந்தது. தொலைவு ஆறு கிலோமீட்டர். இருப்பு பன்னிரண்டு குப்பி.”

இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து மந்திரிதான் முதலில் கைதட்டினார். அவர் தட்டினால் மண்டபம் தட்டாமல் இருக்குமா? ஊரே தட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் ஒரு பத்திரிகைக்காரப் பெண் மட்டும் தட்டாமல் எழுந்து நின்றாள். இது கால் போன அந்த ஊத்துப்பாறை மாடத்திதானே, அன்றைக்கு மருந்து இல்லை என்று விசாரணை அறிக்கையில் இருக்கிறதே என்று கேட்டாள். மந்திரி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் அவருக்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

சாப்பாட்டு அறையில் மைதீன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். செண்பகத்துக்கு அழுகை வரவில்லை. மார்பு நிமிர்ந்து, உடம்பு முழுக்கச் சூடாக இருந்தது. இந்த நேரத்தில் மாநிலத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு முகவரும் அதே கேள்வியைக் கேட்டு அதே பதிலை வாங்கிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பே அவளுக்குப் போதுமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் துழாவியின் பொதுப் பலகையில் அதிகம் தேடப்பட்ட பெயர் மாடத்திதான். இரண்டாவது இடத்தில் இருந்த காய்ச்சல் மாத்திரை கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது.

தனசிங் கூப்பிட்டனுப்பினார். மேல்மாடி அதிகாரிகள் இருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். உடனே பழைய எடுத்துக்காட்டைத் திரும்பப் போடு என்றார்கள். செண்பகம் முடியாது என்றாள். வேலையை விட்டு எடுப்போம் என்றார்கள்.

“எடுங்க” என்றாள் செண்பகம். “எதுக்குன்னு எழுதணும்லா. ஒரு எடுத்துக்காட்ட மாத்துனதுக்குன்னு எழுதுங்க. அலங்காரத்த மாத்துனதுக்கா ஒருத்திய வேலைய விட்டு எடுத்தீங்கன்னு கேப்பாங்க. அலங்காரம் இல்ல, அதனால ஆபத்துன்னு நீங்களே சொன்னா, பழைய எடுத்துக்காட்டால எத்தனை பேருக்கு ஆபத்து வந்துச்சுன்னு அடுத்து கேப்பாங்க. ரெண்டுல எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க சார்.”

தனசிங் தன் கையால் எழுதிக்கொடுத்ததை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். அவர் முகத்தில் கோபத்தோடு வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. அவளைப் போகச் சொல்லிவிட்டார். வேலை போகவில்லை. புதுக் கையேடு எதையும் அவள் மேஜைக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான். காலையில் வந்து, காலி மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனாள். கூச்சமே படவில்லை.

வைகாசியில் மாடத்தியிடமிருந்து போன் வந்தது. விசாரணையைத் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். அதைவிடப் பெரிய செய்தி வேறு ஒன்று. முன்பு அவளோடு வேலை பார்த்த சுடலைமுத்துவை அன்று காலை காற்றாலைக்கு அடியில் பாம்பு கடித்துவிட்டது.

“ஆம்புலன்ஸ்ல மொத மொதல்ல பேரைக் கேட்டுச்சுக்கா” என்றாள் மாடத்தி. “என்னைய தூக்கிட்டுப் போனப்ப நோயாளி, நோயாளின்னுதான் சொல்லிச்சு. இப்ப சுடலைமுத்து, எந்தக் கால் உங்களுக்கு, இடதா வலதான்னு கேக்குது. ஓடையத் தாண்டி வெள்ளானூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நல்லா இருக்கான். இட்லி தின்னுக்கிட்டு இருக்கான்.”

செண்பகம் சிரித்தாள். எடுத்துக்காட்டில் பெயர் இருந்ததால் மாநிலத்தின் முகவர்கள் எல்லாம் இப்போது பெயரைக் கேட்கத் தொடங்கியிருந்தன. இதை அவளும் எதிர்பார்க்கவில்லை, மைதீனும் எதிர்பார்க்கவில்லை. அந்தச் சந்தோஷம் தொண்டைக்குள் இருக்கும்போதே மாடத்தி இன்னொன்று கேட்டாள்.

“ஏங்க்கா, எனக்கு ஒரு சந்தேகம். கையில கடிச்சிருந்தா அது என்ன கேட்டிருக்கும்?”

செண்பகத்தின் சிரிப்பு நின்றது. போனைப் பிடித்தபடியே சோதனை முகவரை எழுப்பினாள். கையில் பாம்புக்கடி என்று சொன்னாள். எந்தக் கால் என்று கேட்டது முகவர். கை என்றாள். இடது காலா வலது காலா என்று திரும்பவும் கேட்டது. மருந்து இருக்கிற இடத்தைக் கடைசியில் சரியாகத்தான் சொன்னது; ஆனால் அதற்குள் நாலு கேள்வி வீணாகப் போயிருந்தது. மைதீன் ஆசைக்குப் போட்ட ஊர் மாதிரி, தான் ஆத்திரத்துக்குப் போட்ட காலையும் இயந்திரம் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் பெயரையும் காலையும் எடுத்துவிட்டு எடுத்துக்காட்டைப் பழையபடி வெறும் அலங்காரமாக்கிவிட அவளுக்கு மனமில்லை.

எடுத்துக்காட்டைத் திருத்தும் உரிமை இன்னும் அவளிடம்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டவள் அவள். ஒன்றுதான் வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

“மாடத்தி, ஒண்ணு போதாது போலிருக்கு” என்றாள். “இன்னும் எடுத்துக்காட்டு வேணும். கை, நெஞ்சு, பிரசவம், தீக்காயம். சும்மா கற்பனைக்கு ஒரு பேரைப் போட மாட்டேன். இல்லன்னு சொல்லித் திருப்பி அனுப்புன ஆள் யாராவது உனக்குத் தெரியுமா?”

அந்தப் பக்கம் மாடத்தி யாரிடமோ நாற்காலியை இழுத்துப் போடச் சொல்வதும், நோட்டைப் புரட்டி ஊர் ஊராகப் பெயர்களை வாசிப்பதும் கேட்டது. எழுதி மூடப்பட்ட அந்த நாற்பது சொச்சம் புகார்க்காரர்களின் வீடுகளுக்கும் ஊன்றுகோலோடு ஏற்கெனவே போய் வந்துவிட்டாள் என்பது செண்பகத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

“எத்தனை பேர்க்கா வேணும்?” என்றாள் மாடத்தி.